கடலுக்கு மட்டும் தெரிந்த சுவர்

அத்தியாயம் 6

பெட்டியக்காவுக்கு எந்த ஊராக இருந்தாலும் ஒரு வாரம் போதும். அதற்குள் ஜன்னலில் திரை தொங்கும், சமையல் மேடை பளிச்சென்றிருக்கும், பால்காரர் வாசலில் நின்று தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்கிற அளவுக்குப் பழகியிருப்பார். ராணுவக்காரரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக லாரியில் ஏறி இறங்கியவள் வேறு எப்படி இருப்பாள்? கறுப்பு இரும்புப் பெட்டிகளில் கணவரின் பெயரையும் எண்ணையும் வெள்ளைப் பெயின்டில் அவள்தான் எழுதுவாள். கண்ணாடிச் சாமான்களைத் தலையணை உறைக்குள் செருகி, கீறல் விழாமல் எவ்வளவு தூரமானாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பழைய முகாம்களில் யாருக்கு மாற்றல் வந்தாலும் முதலில் அவளைத்தான் தேடி வருவார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இந்த ஊரிடம்தான் அவள் கெட்டிக்காரத்தனம் பலிக்கவில்லை.

சாலை இங்கே வந்து முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் போக வேண்டுமென்றால் படகுதான். கீழே சின்னத் துறைமுகம், மேலே பாறைமுனையில் ராணுவத்தின் ரேடார் நிலையம், இரண்டுக்கும் நடுவில் வரிசையாக நான்கு குவார்ட்டர்ஸ். உப்புக்காற்றில் தீக்குச்சி பற்றாது, துவைத்த துணி காயாது, நேற்று வாங்கிய கத்தி இன்றைக்குத் துருப்பிடிக்கும். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். மனிதர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. எத்தனை வருஷம் இருப்பீங்க என்று கேட்பார்கள். இரண்டோ மூன்றோ என்று சொன்னதும், சரி, இவர்களோடு பழகுவானேன் என்பதுபோல் பார்வையை எடுத்துக்கொள்வார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள், கடைத்தெருக் கோடியில் தையல் மெஷின் போட்டிருக்கும் டெய்லரம்மா. மகளுக்குப் பள்ளிக்கூடச் சிவப்புப் பாவாடை தைக்கக் கொடுத்தபோது, அடி மடிப்பில் நாலு விரல் அகலத்துக்குத் துணி விட்டுத் தைத்திருந்தாள். எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, வளர்கிற பெண், அடுத்த வருஷம் பிரித்து இறக்கிவிடலாமே என்றாள். அடுத்த வருஷமும் இவர்கள் இங்கேதான் இருப்பார்கள் என்று அவள்பாட்டுக்கு முடிவு கட்டிவிட்டாள். அந்த நாலு விரல் துணிக்காகப் பெட்டியக்கா அன்று வீடு வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதம் அது.

மகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பதினைந்து வயது. தவழுகிற பருவத்திலேயே வீட்டில் எல்லோரையும் அதட்டியதால் அப்பா வைத்த பெயர் கேப்டன். அப்பாவோ சார்ஜென்ட். "எனக்கு மேலதிகாரி வீட்டுலயே இருக்கா, நான் எங்க போய் முறையிட?" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் ஜோக். ஊர் மாறி மாறிப் பள்ளிக்கூடம் மாறியதில் அந்த அதட்டலெல்லாம் அடங்கிப்போய், இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும்தான் அவள் பழையபடி சிரித்தாள். அப்போதுதான் அவர்கள் சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள்.

குவார்ட்டர்ஸைப் பார்வையிட வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய அதிகாரி வருவார். நான்கு வீடும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு சார்ஜென்ட். இவர்களுடைய கடைசி வீட்டின் பின்சுவர் மட்டும் ஒட்டாமல் நின்றது. எப்போதோ குடியிருந்த யாரோ ஒருவர், சுவர் ஓதம் குடிக்கிறதென்று இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் சிவப்புப் பூச்சை வாரி அப்பியிருந்தார். அந்தச் சுவர் பாறை விளிம்பை ஒட்டிக் கடலைப் பார்த்து நிற்பது. ஊரிலிருந்து பார்த்தால் தெரியாது. இருந்தாலும் அதிகாரி சுற்றிவந்து பார்த்துவிட்டால்? சார்ஜென்ட் ஸ்டோரிலிருந்து வெள்ளை எடுத்து வந்தார். அம்மாவும் பெண்ணும் ஏணி போட்டு ஏறி, தலைமுடியெல்லாம் வெள்ளைச் சொட்டு விழ, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு அடித்து முடித்தார்கள். இனி நாலும் அச்சு அசலாக ஒன்றுதான் என்று பெட்டியக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். எத்தனையோ முகாம்களில் அவள் கற்றுக்கொண்ட பாடமே அதுதானே, எதுவும் தனியாகத் தெரியக்கூடாது.

புதன்கிழமை ஆய்வு. இது செவ்வாய்க்கிழமை.

விடிகிற நேரத்தில் துறைமுகத்துச் சங்கு விடாமல் ஊதியது. சார்ஜென்ட் ரேடார் நிலையத்தில் டியூட்டியில் இருந்தார். பால்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். சுக்கானுடைய படகு துறைமுக வாயிலில் பாறையில் மோதி உடைந்துவிட்டது.

சுக்கான் என்பவர் டெய்லரம்மாவின் வீட்டுக்காரர். பெரிய படகு ஓட்டுகிறவர். இருபது வயதிலிருந்து சுக்கானைப் பிடித்து நிற்கிறவர் என்பதால் அதுவே பெயராகிவிட்டது. இந்த ஊரில் பெரிய படகு மொத்தம் மூன்று. அவை ஒரு வாரம் பத்து நாள் ஆழ்கடலில் தங்கிவிட்டு, பாறைகளுக்கு நடுவே இருக்கும் ஒரே வழியாக உள்ளே வர வேண்டும். சின்னப் படகுகள் பாறைக்கு இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பவை, அவற்றுக்கு அந்த வம்பு இல்லை. மூன்றில் முதலில் திரும்பியது சுக்கானுடையது. படகில் நாலு பேர். நாலு பேரையும் உயிரோடு கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் டெய்லரம்மாவின் தம்பி படகுக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கிக் கால் நசுங்கி, நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். சுக்கானுக்குத் தலையில் தையல். உள்ளூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

பெட்டியக்கா பிளாஸ்க்கில் தேநீரை ஊற்றிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் டெய்லரம்மா இல்லை. தாழ்வாரத்தில் நின்றிருந்தவர்கள் அவளைக் கடையில் பார்க்கச் சொன்னார்கள். சொன்னவிதமே சரியில்லை.

கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டெய்லரம்மா தலை நிமிராமல் ஒரு சிவப்புப் பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். பாபினில் நூல் தீர்ந்துபோய் வெறும் ஊசி குத்திக்கொண்டு போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. பெட்டியக்கா பக்கத்தில் போய் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"நீ அவர்கூட இருக்க வேண்டாமா?"

"இருந்துட்டு வந்துட்டேன் அக்கா. இனிமே அவர்கூட இருக்கிறதா இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் சுக்கான் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் இவள் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தத் தம்பிதான் நடுவில் நின்று பேசி, இனி தொடுவதில்லை என்று அவரிடம் வாக்கு வாங்கி, இருவரையும் சேர்த்துவைத்தான். மாமா தப்புப் பண்ணாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் படகிலேயே வேலைக்கும் சேர்ந்தான். இப்போது அவன் கால் போய்விட்டது.

"குடிச்சார்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மத்த மூணு பேரும் தூங்கிட்டிருந்தாங்க. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வழியில கொண்டுவந்து விடுறவரு, விடிஞ்ச வெளிச்சத்துல பாறையில மோதியிருக்காரு. என்ன ஆச்சுன்னு கேட்டா வீட்டைக் காணோம்ங்கறாரு."

"எந்த வீட்டை?"

"சிவப்பு வீடாம். கட்டில்ல படுத்துக்கிட்டு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றாரு. சிவப்பு வீட்டைக் காணோம், எங்க போச்சுன்னு தெரியலங்கறாரு. டாக்டரே சிரிச்சிட்டாரு. இந்த ஊர்ல ஏது அக்கா சிவப்பு வீடு?"

பெட்டியக்கா கையிலிருந்த பிளாஸ்க்கை மேஜைமேல் வைத்தாள். வைக்காவிட்டால் விழுந்திருக்கும்.

டெய்லரம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் தன் பாட்டைத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லார் முன்னாடியும் குனிஞ்சு அவர் வாயை மோந்து பாத்தேன் அக்கா. டீசலும் உப்பும்தான் நாறுச்சு. அப்பவும் நம்பல. என் தம்பி கால் போயிடுச்சே, எப்படி நம்புவேன்? நான் மோந்து பாக்கறேன்னு தெரிஞ்சதும் அவர் மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அப்புறம் ஒரு வார்த்தை பேசல."

படகு முதலாளி ஐஸ் ஃபேக்டரி வைத்திருப்பவர். அலையைப் பார்த்தாலே தலை சுற்றுகிற மனிதர், ஒரு நாளும் கடலுக்குள் போனதில்லை. அவர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று, இனி இந்த ஆள் எந்தப் படகிலும் சுக்கானைத் தொடக்கூடாது என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பெட்டியக்கா என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினாள் என்று அவளுக்கே நினைவில்லை. வீட்டுக்குப் போகவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆடுகள் இறங்குகிற தடம் ஒன்று உண்டு. அதில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அலை தெறிக்கிற பாறை வரைக்கும் இறங்கினாள். அங்கே நின்று திரும்பி மேலே பார்த்தாள்.

ஊரின் தண்ணீர்த்தொட்டி பின்னால் உயர்ந்து நின்றது. அதற்கு முன்னால் வெள்ளையாக ஒரு வீடு, பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று, இன்னொன்று. எது தன் வீடு என்று அவளே எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதிகாரி பார்த்தால் மகிழ்ந்துபோவார்.

அந்தச் சிவப்பைத் தண்ணீர்த்தொட்டிக்கு நேராக வைத்துக்கொண்டுதான் பெரிய படகுகள் பாறை நடுவே அந்த ஒரே வழிக்குள் நுழைந்திருக்க வேண்டும். அந்தச் சுவரை ஊருக்குள் ஒருத்தரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் கடலிலிருந்து வருகிறவர்கள். அதிலும் அதை அடையாளம் வைத்துச் சுக்கானைத் திருப்புகிறவர்கள் மூன்றே பேர். ஒருத்தர் தலையில் கட்டோடு படுத்திருக்கிறார். மற்ற இருவர் இன்னும் கடலில் இருக்கிறார்கள். அவர் உளறவில்லை, நடந்ததைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தவள் இந்தக் கரையில் தான் ஒருத்திதான் என்பது அவளுக்கு அப்போது உறைத்தது.

சார்ஜென்ட் மதியம் சாப்பிட வந்தார். விபத்தினால் பள்ளிக்கூடத்தையும் பாதியில் விட்டிருந்தார்கள். கேப்டன் அடுக்களை வாசலில் சாய்ந்து நின்றாள். பெட்டியக்கா தட்டை வைக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் நல்ல மனிதர், அதில் சந்தேகம் வேண்டாம். கேட்டதும் முகம் வெளுத்து, கழற்றப்போன தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். ஆனால் இத்தனை வருஷச் சர்வீஸில் ஒரு கறுப்புப் புள்ளி வாங்காதவர். அந்தச் சுவரை அடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு ஒன்றும் வரவில்லை, அது அவராகச் செய்த காரியம். பயம் வந்துவிட்டது. பயம் வந்த ராணுவக்காரர் செய்கிறதை அவரும் செய்தார், ஒழுங்குமுறையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு ஆய்வு முடியட்டும், அதிகாரியிடம் தனியாகச் சொல்கிறேன், அவர் மேலே எழுதுவார், அங்கிருந்து ஊருக்கு முறைப்படி வரும், அதுவரைக்கும் வெளியாரிடம் வாயைத் திறக்கக்கூடாது என்றார். ராணுவ வீட்டைப் பற்றி ராணுவம்தான் பேச வேண்டும் என்றார். இரண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடப்போகிறது என்றும் சொன்னார்.

பெட்டியக்கா கல்யாணமான நாளிலிருந்து, பேசுவதற்கு முன்னால் இது முகாமுக்கு ஒத்துவருமா என்று யோசித்தே பழகியவள். அன்றும் வாய் அப்படியே நின்றுவிட்டது. அதற்காக அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

கேட்டது கேப்டன்தான்.

"அப்பா, இன்னும் ரெண்டு படகு வரணும்னு ஸ்கூல்ல சொன்னாங்க. உங்க ரேடார்ல அது தெரியுமா?"

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை.

"தெரியுதாப்பா?"

"தெரியுது."

"எப்ப வந்து சேரும்?"

"சாயங்காலம். இருட்டறதுக்கு முன்னாடி."

"அவங்களுக்கு யாராவது சொல்லிட்டாங்களா, வீடு இல்லைன்னு?"

படகுகளுக்குப் போன் எட்டாது, வயர்லெஸ்ஸும் கிடையாது. ஊருக்கோ சொல்ல வேண்டும் என்பதே தெரியாது. சுக்கான் குடித்துவிட்டு மோதினார் என்று நம்புகிறவர்கள், குடிக்காத மற்ற இரண்டு பேரும் ஒழுங்காக வந்து சேர்வார்கள் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

சார்ஜென்ட் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். பிறகு, நிலையத்தில் பேசிப் பார்க்கிறேன், நான் வரும்வரைக்கும் எதையும் செய்யாதே என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப்போனார். பெட்டியக்கா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பேசுவாரா, பேசினால் யார் காதில் போட்டுக்கொள்வார்கள், அதற்குள் வெளிச்சம் போய்விடாதா? செருப்பை மாட்டினாள். கேப்டன் கூடவே கிளம்பினாள். வராதே என்று சொல்லவில்லை. சுவருக்கு அடித்ததில் பாதி அவளும்தானே.

கடையில் மெஷின் மூடியிருந்தது. டெய்லரம்மா துணிமணிகளை ஒரு பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். நகரத்துக்கு, தம்பியிடம் போவதற்கு. பஸ் வரும்வரைக்கும்தான் இங்கே என்றாள்.

பெட்டியக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும்.

"சிவப்பு வீடு இருந்துச்சு. என் வீடுதான் அது. பின்சுவரு சிவப்பா இருந்தது. கடல்லேர்ந்து பாத்தா மட்டும்தான் தெரியும். சனி, ஞாயிறுல நானும் இவளும் அதுக்கு வெள்ளை அடிச்சிட்டோம். உன் வீட்டுக்காரர் குடிக்கல. நிஜமாவே வீட்டைக் காணோம்."

டெய்லரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பெட்டியக்கா மறுபடி முழுசாகச் சொன்னாள். தண்ணீர்த்தொட்டியைச் சொன்னாள், வரிசையான நாலு வீட்டைச் சொன்னாள், கீழே இறங்கிப்போய்ப் பார்த்ததைச் சொன்னாள். எதற்காக அடித்தோம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தக் காரணம் எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே கூசியது.

பையின் வாய் டெய்லரம்மாவின் கையிலிருந்து நழுவியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பியின் காலைப் பற்றி ஏதாவது சொல்வாள், திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று பெட்டியக்கா காத்திருந்தாள். டெய்லரம்மா தன் உள்ளங்கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். காலையில் மோந்து பார்த்த அந்த ஒரு நிமிஷத்தை நினைக்கிறாள் என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

"வெளியில போங்க," என்றாள் கடைசியில், சன்னமாக.

"போறேன். இன்னும் ரெண்டு படகு வருது. அவங்களும் அந்த வீட்டைத்தான் தேடுவாங்க. மேல இருக்கிற சிவப்புத் துணியைக் கொடு. சுவத்துல தொங்க விடணும்."

அலமாரியின் மேல்தட்டில் பள்ளிக்கூடப் பாவாடைக்கான துணி முழுத் தானாக, பிரிக்காத சுருளாக இருந்தது. அடுத்த வகுப்புக்குப் போகிற எல்லாப் பெண்களுக்கும் தைக்க வேண்டியது. டெய்லரம்மா அதை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறித் தானை இறக்கினாள். கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெட்டியக்காவைப் பார்க்காமல், கேப்டனைப் பார்த்து, "அந்தப் பக்கம் தூக்கு," என்றாள்.

சாலையில் மூன்று பேரும் வேகமாக நடந்தார்கள். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். காலையில் புருஷனை விட்டுவிட்டு வந்தவள் சாயங்காலம் துணித்தான் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாள் என்று கேட்கப் பலருக்கும் நாக்கு துறுதுறுத்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

டெய்லரம்மா சுவரின் உயரத்தை ஒரு தடவை கண்ணால் அளந்தாள். இஞ்ச் டேப்பை எடுக்கவே இல்லை. தரையில் தானை உருட்டிவிட்டு வெட்டிக்கொண்டே போனாள். கேப்டன் ஏணி வைத்து மொட்டைமாடிக்கு ஏறினாள். இவர்கள் கீழிருந்து ஒவ்வொரு துண்டாகக் கொடுக்க, அவள் கைப்பிடிச் சுவரின்மேல் மடித்துப்போட்டு செங்கல்லை வைத்தாள். செங்கல் போதவில்லை. பெட்டியக்கா வீட்டுக்குள் ஓடி, அம்மிக்கல்லை எடுத்து வந்தாள், இஸ்திரிப்பெட்டியை எடுத்து வந்தாள், கடைசியாகப் பிரிக்காமல் வைத்திருந்த இரண்டு கறுப்பு இரும்புப் பெட்டிகளையும் இழுத்து வந்தாள். அடுத்த மாற்றலுக்குத் தயாராக இருக்கட்டும் என்று அவள் எந்த ஊரிலும் அந்த இரண்டைப் பிரிப்பதில்லை. மூன்று பேருமாகச் சேர்ந்து அவற்றைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள்.

துணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தொங்கின. காற்று உள்ளே புகுந்தபோது சுவர் வயிறு புடைத்தாற்போல் ஆயிற்று. டெய்லரம்மா ஊசி கோத்து, எட்டுகிற உயரம் வரைக்கும் துண்டுகளைப் பெரிய தையலாகப் போட்டு இணைத்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

முதல் படகு தெரிந்தபோது வெயில் மங்கத் தொடங்கியிருந்தது.

அது பாறைகளுக்கு வெளியே வந்ததும் வேகத்தைக் குறைத்தது. ஒரு பக்கமாகத் திரும்பியது. பிறகு நின்றாற்போல் இருந்தது. கேப்டன் மாடியிலிருந்து, "என்னம்மா, வரமாட்டேங்குது," என்று கேட்டாள். பெட்டியக்கா சுவரைத் திரும்பிப் பார்த்தாள். நடுவில் ஒரு துண்டு சுருண்டு, வெள்ளை தெரிந்தது. அவள் ஓடிப்போய் அந்த முனையைப் பிடித்து இழுத்து, சுவரோடு சுவராகத் தன் உடம்பால் அழுத்திக்கொண்டு நின்றாள். பாறை விளிம்பு காலுக்கு இரண்டடிதான். கன்னம் சுவரில் பதிந்திருந்ததால் கடல் அவளுக்குத் தெரியவில்லை. டெய்லரம்மாவின் முகம்தான் தெரிந்தது. அந்த முகத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெய்லரம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை மெதுவாக, படகோடு சேர்ந்து, இடமிருந்து வலமாக நகர்ந்தது. நேராக நின்றது. பிறகு அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உள்ள வந்துடுச்சு," என்று கேப்டன் மேலிருந்து சொன்னாள். "இன்னொண்ணும் பின்னாடியே வருது."

பெட்டியக்கா சுவரோடு சாய்ந்தபடியே அழுதாள். வெகு நாளாக அவள் இப்படி அழுததில்லை.

டெய்லரம்மா கத்தரிக்கோலைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். பத்தடி போய் நின்றாள்.

"இதை நீங்க வந்து அவர்கிட்ட சொல்லணும். நான் சொன்னா அவர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. முதலாளியும் அந்தப் பத்துப் பேரும் நிக்கும்போது சொல்லணும். நாளைக்குக் காலையில தலையை ஸ்கேன் பண்ண அவரை நகரத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க, அதுக்கு முன்னாடி."

"வர்றேன்."

"என் தம்பிக்கு நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு எனக்குத் தெரியல அக்கா. அதை நான் இன்னிக்கு யோசிக்கல."

அக்கா என்றுதான் சொன்னாள். ஆனால் காலை வரைக்கும் சொன்ன அக்கா இல்லை அது.

அவள் போன வழியிலேயே சார்ஜென்ட் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். நிலையத்தின் திரையில் இரண்டு புள்ளிகள் பாறையைத் தாண்டி உள்ளே வந்ததை அவரும் பார்த்திருப்பார். பேசினாரா, பேசியதற்கு மேலதிகாரி என்ன சொன்னார் என்பதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, சுவர் முழுவதும் படபடத்துக்கொண்டிருந்த பாவாடைத்துணியைப் பார்த்தார். மாடி விளிம்பில் தன் பெயரும் எண்ணும் எழுதிய பெட்டிகள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார்.

"நாளைக்கு அதிகாரி வரும்போது இது இங்க தொங்கினா என் பேரு போயிடும்."

"ஏற்கெனவே ஒருத்தர் பேரு போயிடுச்சுங்க. அதை எடுத்தது நாமதான்."

அவள் மடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள். ஆய்வு நாளில் வீட்டுக்காரி வாசலில் நின்று அதிகாரியை வரவேற்க வேண்டும் என்பது எல்லா முகாமிலும் வழக்கம். காய்ச்சலில் தலை நிமிர முடியாதபோதுகூட அவள் அதைத் தவறவிட்டதில்லை.

"காலையில நான் ஆஸ்பத்திரியில இருப்பேன். வாசல்ல நீங்க நில்லுங்க."

சார்ஜென்ட் சாவியை வாங்கவில்லை. மாடியைப் பார்த்து, கீழே இறங்கு என்று மகளுக்குக் குரல் கொடுத்தார்.

கேப்டன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சிவப்புப் பாவாடையைக் காலோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, எழுந்திருக்காமல் கீழே குனிந்து பார்த்தாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து காணாமல் போயிருந்த அந்தப் பழைய அதட்டல் திரும்பி வந்திருந்தது.

"இறங்க மாட்டேன் சார்ஜென்ட். இது கேப்டன் உத்தரவு."

யாரும் சிரிக்கவில்லை. கடற்காற்று ஏறியது. ஓரத்துத் துண்டு ஒன்று செங்கல்லை உதறிவிட்டுக் கழன்று, ஒற்றை முனையில் தொங்கி அடித்துக்கொண்டது. சார்ஜென்ட் அதையே சிறிது நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மனைவியின் கையில் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினார்.

துணியை அவிழ்க்கப் போகிறாரா, கழன்ற முனையைக் கட்டப் போகிறாரா என்று கீழே நின்றவளுக்குத் தெரியவில்லை. ஒரு கையில் தொப்பியும் மறுகையில் சாவியுமாக அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.